மருந்தே சாப்பிடாதவர் உடலில் மருந்துக்கு அடங்காத எச்.ஐ.வி. கிருமி: கண்டுபிடிப்பது எப்படி?

எச்.ஐ.வி. கிருமி இருப்பதாக இப்போதுதான் தெரிய வந்த ஒருவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடுகிறார். ஆறு மாதம் கழித்து இரத்தத்தைப் பரிசோதித்தால், கிருமியின் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. "மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. வீட்டில் விஷயம் தெரிந்தவர்களும் அதையே கேட்கிறார்கள்.

பல நேரங்களில் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் சிலர் விஷயத்தில், முதல் மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே அந்த மருந்துக்கு அடங்காத கிருமி உடலில் இருந்திருக்கும். நூற்றுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று என்ற சிறிய அளவில் இருப்பதால், வழக்கமான பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். இந்தச் சிறுபான்மைக் கிருமிகள் எப்படி உருவாகின்றன, அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், தெரிந்துகொள்வதால் நோயாளிக்கு என்ன பயன் என்பதைப் பார்ப்போம்.

உடலுக்குள் இருப்பது ஒரு பெருங்கூட்டம்

எச்.ஐ.வி. நம் இரத்தத்தில் உள்ள சிடி4 என்ற வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, தன்னைத்தானே நகல் எடுத்துப் பெருகுகிறது. அதன் மரபுச் செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்டது. அதை நகல் எடுக்கும் என்சைமுக்கு, எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் திறன் கிடையாது. சராசரியாக 30,000 எழுத்துக்கு ஒரு பிழை விடுகிறது. அப்படியென்றால், புதிதாகப் பிறக்கும் மூன்று கிருமிகளில் ஒன்றிலாவது ஏதோ ஓர் எழுத்து மாறியிருக்கும்.

சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் ஒரு நாளில் ஏறத்தாழ 10 பில்லியன், அதாவது 1,000 கோடி புதிய கிருமிகள் உருவாவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு நகல்கள், இவ்வளவு பிழைகள் என்றால், ஓர் எழுத்து மாறினால் உருவாகக்கூடிய எல்லா வகைகளும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு மூலையில் பிறந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பிழைகள் கிருமிக்கே கேடு. அவை பிறந்த வேகத்தில் அழிந்துவிடும். மிகச் சில பிழைகள் மட்டும் மருந்து வந்து ஒட்டும் இடத்தை மாற்றிவிடுகின்றன.

இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் 'கே-103-என்' என்ற மாற்றம். கிருமியின் நகல் எடுக்கும் என்சைமில் 103ஆவது இடத்தில் லைசின் இருக்க வேண்டும். மரபுச் செய்தியில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே அஸ்பராஜின் வந்துவிடும். அவ்வளவு போதும். எஃபாவிரென்ஸ், நெவிராபின் என்ற இரண்டு மருந்துகளும் அந்தக் கிருமியிடம் பெரும்பாலும் வேலை செய்யாது.

களை மருந்துக்குச் சாகாத புல்

செம்பனைத் தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. 1990களின் பிற்பகுதியில் பேராக், தெலுக் இந்தான் பகுதியில், கிளைபோசேட் களைக்கொல்லிக்குச் சாகாத 'ரும்புட் சம்பாவ்' புல் பதிவு செய்யப்பட்டது. மருந்து அந்தப் புல்லை உருவாக்கவில்லை. ஆயிரக்கணக்கான புற்களுக்கு நடுவே முன்பே ஒன்றிரண்டு அப்படி இருந்தன. மருந்தடிக்கும் ஒவ்வொரு முறையும் மற்ற புற்கள் செத்து, இதற்கு இடமும் உரமும் வெயிலும் கிடைத்தன. நாளடைவில் அதுவே நிலம் முழுக்கப் பரவியது.

எச்.ஐ.வி.க்கு ஒரே மருந்தைத் தராமல் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் காரணம் இதுதான். ஒரு மருந்தைத் தப்பிக்கும் கிருமி தினமும் பிறக்கலாம். மூன்றையும் ஒரே நேரத்தில் தப்பிக்க வேண்டுமானால், பல பிழைகள் ஒரே கிருமியில் சேர்ந்து விழ வேண்டும். அது தானாக நடப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

ஆனால் கே-103-என் மாற்றம் உள்ள கிருமி முன்பே கணிசமாக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. எஃபாவிரென்ஸ் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு, அந்தக் கிருமியைப் பொறுத்தவரை இரண்டு மருந்துக் கூட்டுதான். மிச்சமுள்ள இரண்டுக்கும் அது பழகிக்கொள்ள வழி பிறக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது?

மருந்தே சாப்பிடாதவர் உடலில் இத்தகைய கிருமி இருப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மேலே சொன்ன இயற்கைப் பிழை. இப்படி உருவாகும் கிருமி மிகவும் அரிதாகவே இருக்கும். மருந்து இல்லாத சூழலில் அதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லாததால் பெருகுவதும் குறைவு.

இரண்டாவது, தொற்றிய கிருமியே அப்படிப்பட்டதாக இருப்பது. ஏற்கனவே சிகிச்சையில் இருந்து, மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிவிட்ட ஒருவரிடமிருந்து அது அடுத்தவருக்குத் தொற்றலாம். தொடக்கத்தில் உடல் முழுக்க அதுவே இருக்கும். நாள் செல்லச் செல்ல, சில கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்பும். அவை வேகமாகப் பெருகி, மாற்றம் உள்ளவற்றைப் பின்னுக்குத் தள்ளும். லாமிவுடின் மருந்தை எதிர்க்கும் 'எம்-184-வி' மாற்றம் கிருமியின் வேகத்தை வெகுவாகக் குறைப்பதால் சீக்கிரம் மறையும். கே-103-என் கிருமியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பல ஆண்டுகள் அப்படியே தங்கும்.

மூன்றாவது, நோயாளி எப்போதோ சிறிது மருந்து சாப்பிட்டிருப்பது. முன்பு பல நாடுகளில், குழந்தைக்குக் கிருமி தொற்றாமல் இருக்க, பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரே ஒரு வேளை நெவிராபின் கொடுத்தார்கள். குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் நெவிராபின் இரத்தத்தில் பல நாள் தங்கும் மருந்து. துணை மருந்து எதுவும் இல்லாமல் அது தனியாக நின்ற அந்த நாட்களில், பல தாய்மார்களின் உடலில் எதிர்ப்புக் கிருமி தலைதூக்கியது. சில மாதங்களில் வழக்கமான பரிசோதனையில் அது மறைந்துவிடும். நுட்பமான பரிசோதனையில் மட்டும் தொடர்ந்து தெரியும். அதோடு, உறங்கும் வெள்ளை அணுக்களுக்குள் அதன் பிரதி பல ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். அதே மருந்து மறுபடியும் வந்தால் விழித்துக்கொள்ளும்.

வழக்கமான பரிசோதனை ஏன் தவறவிடுகிறது?

மருந்தெதிர்ப்பைக் கண்டறியப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருவது 'சாங்கர்' முறை. இரத்தத்தின் நீர்ப் பகுதியிலிருந்து கிருமியின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, டி.என்.ஏ.வாக மாற்றி, கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர். மூலம் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். இதில் எல்லாக் கிருமிகளின் செய்தியும் ஒன்றாகக் கலந்தே படிக்கப்படுகிறது.

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். நூறு பேரின் பாலையும் ஒரே தொட்டியில் ஊற்றிய பிறகு மெட்ரோலாக் கருவியை விட்டால் சராசரிதான் தெரியும். ஒருவர் வாளியில் மட்டும் தண்ணீர் கலந்திருந்தால், தொட்டியின் அளவு அதைக் காட்டிக்கொடுக்காது. இருபது பேர் கலந்திருந்தால்தான் சந்தேகம் வரும்.

சாங்கர் முறையின் எல்லையும் ஏறத்தாழ அதே அளவுதான். மொத்தக் கிருமிகளில் 15 முதல் 20 விழுக்காடு வரை ஒரு மாற்றம் பரவியிருந்தால்தான் திரையில் அதற்கான சிறு முகடு தெளிவாகத் தெரியும். 5 விழுக்காடு, 1 விழுக்காடு என்றால், கருவியின் இயல்பான இரைச்சலில் அது மூழ்கிவிடும். "எதிர்ப்பு இல்லை" என்று அறிக்கை வந்தால், "இந்தப் பரிசோதனைக்குத் தெரியும் அளவில் எதிர்ப்பு இல்லை" என்றுதான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சிறுபான்மையைத் தேடும் இரண்டு வழிகள்

ஒரு வழி, குறிப்பிட்ட ஒரு மாற்றத்தை மட்டும் குறிவைத்துத் தேடுவது. பி.சி.ஆர். வேலை செய்ய, 'பிரைமர்' என்ற சிறு டி.என்.ஏ. துண்டு கிருமியின் மரபுச் செய்தியில் பொருந்த வேண்டும். அந்தத் துண்டின் கடைசி எழுத்தை, மாறிய எழுத்துக்கு மட்டும் பொருந்துமாறு செய்துவிடுகிறார்கள். மாற்றம் உள்ள கிருமியில் அது பொருந்திப் பெருகத் தொடங்கும். மற்றவற்றில் சரியாகப் பொருந்தாது. எத்தனை சுற்றில் பெருக்கம் தெரிகிறது என்பதை வைத்து அந்தக் கிருமியின் பங்கைக் கணக்கிடலாம். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருந்தாலும் இந்த முறை கண்டுபிடித்துவிடும். செலவும் குறைவு. தேடிய மாற்றத்தை மட்டுமே சொல்லும் என்பது இதன் குறை. பக்கத்து இடத்தில் வேறு மாற்றம் இருந்தால் இதற்குத் தெரியாது.

இரண்டாவது வழி, ஆழ்ந்த வரிசைப்படுத்தல். கலந்த பாலைச் சோதிக்காமல் ஒவ்வொரு வாளியையும் தனித்தனியே சோதிப்பது போன்றது இது. கிருமிகளின் மரபுத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் தனித்தனியாகப் படித்து, எத்தனையில் மாற்றம் உள்ளது என்று கணினி எண்ணுகிறது. தெரிந்த மாற்றம், தெரியாத மாற்றம் இரண்டும் ஒரே முயற்சியில் வெளிப்படும். பொதுவாக 1 விழுக்காடு வரை நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது.

ஏன் அதற்கும் கீழே போக முடியவில்லை? ஆய்வகத்தில் நகல் எடுக்கும்போதும் பிழைகள் விழுகின்றன. நோயாளியின் உடலில் இருந்த மாற்றம் எது, ஆய்வகத்தில் நேர்ந்த பிழை எது என்று பிரிப்பது கடினம். இதற்காக, பெருக்குவதற்கு முன்பே ஒவ்வொரு மூலத் துண்டுக்கும் ஓர் அடையாளக் குறியை ஒட்டிவிடும் முறை வந்திருக்கிறது. ஒரே குறி உள்ள நகல்கள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். அவற்றில் ஒன்றில் மட்டும் ஒரு மாற்றம் இருந்தால் அது ஆய்வகப் பிழை. எல்லாவற்றிலும் இருந்தால் அது கிருமியின் உண்மையான மாற்றம்.

கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், குழாயில் வராத கிருமியை அது காண முடியாது. நோயாளியின் இரத்தத்தில் கிருமி குறைவாக இருந்து, பரிசோதனைக்கு 200 மூலத் துண்டுகள் மட்டுமே கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். எதிர்ப்புக் கிருமி 1 விழுக்காடு என்றால், அந்த 200இல் இரண்டு இருக்கலாம். ஒன்றுகூட வராமல் போவதற்கும் நூற்றுக்கு 13 வாய்ப்பு உண்டு.

தெரிந்துகொள்வதால் பயன் என்ன?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு பலரை யோசிக்க வைத்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்டு, வழக்கமான பரிசோதனையில் எதிர்ப்பு இல்லை என்று வந்தவர்களின் இரத்தத்தை நுட்பமான பி.சி.ஆர். முறையில் மறுபடியும் சோதித்தார்கள். அவர்களில் 17 விழுக்காட்டினரிடம் சிறுபான்மை எதிர்ப்புக் கிருமி இருந்தது.

2011இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த மற்றோர் ஆய்வு, முன்பு நடந்த 10 ஆய்வுகளின் தகவல்களை ஒன்றுதிரட்டியது. எஃபாவிரென்ஸ், நெவிராபின் வகை மருந்துகளோடு சிகிச்சை தொடங்கியவர்களில், சிறுபான்மை எதிர்ப்புக் கிருமி இருந்தவர்களுக்குச் சிகிச்சை தோல்வியடையும் அபாயம் 2.3 மடங்கு அதிகம் என்று அது காட்டியது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண் இது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: அத்தகைய கிருமி இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குச் சிகிச்சை பலன் தந்தது. ஆகவே பரிசோதனையில் ஒரு விழுக்காடு தெரிந்தது என்பதற்காக யாரும் மனம் உடையத் தேவையில்லை.

நிலைமையும் இப்போது மாறியிருக்கிறது. சிகிச்சை தொடங்குவோரிடம் இவ்வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு 10 விழுக்காட்டை எட்டினால், முதல்நிலை மருந்தை மாற்றுவது பற்றி நாடுகள் யோசிக்க வேண்டும் என்று 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. 2019இல் டொலுடெக்ராவிர் மருந்தை முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. அது என்சைமின் வேறொரு பகுதியைத் தாக்காமல், முற்றிலும் வேறான இன்டெக்ரேஸ் என்ற என்சைமைத் தாக்குகிறது. கே-103-என் இருந்தாலும் அதன் வேலை கெடாது. அதை எதிர்க்கும் கிருமி உருவாவதும் எளிதல்ல.

அப்படியென்றால் இந்தத் தேடல் தேவையில்லையா? தேவை இருக்கிறது. இன்னமும் எஃபாவிரென்ஸ் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். புதிய மருந்துக்கும் ஒரு நாள் எதிர்ப்பு பரவலாம். அது சிறிய அளவில் இருக்கும்போதே நாட்டின் மருத்துவர்களுக்குத் தெரிந்தால், பலருடைய சிகிச்சை வீணாவதைத் தடுக்கலாம்.

நம் நாட்டில்

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் பதிவானது. போதை ஊசி வழியாகவே பல ஆண்டுகள் அதிகம் பரவியது. பின்னர் பாலுறவு வழிப் பரவல் முந்திக்கொண்டது. இங்கே பரவிய இரண்டு வகைக் கிருமிகள் ஒன்றோடொன்று கலந்து, 'சி.ஆர்.எஃப்-33' என்று பெயரிடப்பட்ட புதிய கலப்பு வகை உருவானதும் கோலாலம்பூரில்தான் முதலில் கண்டறியப்பட்டது. இது நம் பரிசோதனைகளுக்கு முக்கியமான செய்தி. மேலைநாட்டுக் கிருமிக்கு ஏற்ப எழுதிய பிரைமர் நம் நாட்டுக் கிருமியில் சரியாகப் பொருந்தாவிட்டால், இருக்கும் எதிர்ப்பையும் இல்லை என்று காட்டிவிடும். பரிசோதனைகளை உள்ளூர்க் கிருமிக்கு ஏற்பச் சரிபார்ப்பது அதனால்தான் அவசியம்.

நல்ல செய்திகளும் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளிலும் சுகாதார கிளினிக்குகளிலும் முதல்நிலைச் சிகிச்சை இலவசம். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் அந்த அங்கீகாரம் பெற்ற முதல் நாடு நம் நாடுதான். கர்ப்பிணிகள் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதும், கிருமி இருந்தவர்கள் மருந்தைத் தொடர்ந்ததும் இதற்குக் காரணம்.

நாம் கவனிக்க வேண்டியவை

முன்பு சாப்பிட்ட எந்த மருந்தையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். வேறு நாட்டில் எடுத்த சிகிச்சை, பாதியில் விட்ட சிகிச்சை, நண்பரிடம் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை, தொற்றைத் தடுக்க முன்கூட்டியே சாப்பிடும் 'பிரெப்' மாத்திரை என எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். பரிசோதனைக் கருவிக்குத் தெரியாத எதிர்ப்பை, உங்கள் ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கும். கணவர் அல்லது மனைவி சிகிச்சையில் இருந்தால், அவர் சாப்பிடும் மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்.

'பிரெப்' தொடங்குவதற்கு முன் கட்டாயம் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி ஏற்கனவே இருப்பது தெரியாமல் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால், இரண்டே மருந்துகளை எதிர்த்து நிற்கும் கிருமி வளர அது வழிவிடும்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தெதிர்ப்புப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போது நீங்கள் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தாலும் நான்கு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. அதற்கு மேல் சென்றால், எதிர்ப்புக் கிருமி மீண்டும் சிறுபான்மையாகி ஒளிந்துகொள்ளும். அறிக்கை நன்றாக வரும்; அடுத்த சிகிச்சை தவறாகிப் போகும்.

கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்கான சில மருந்துகளும் டொலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் அப்படியே. நாட்டு மருந்து, லேகியம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்ட பிறகே சாப்பிடுங்கள்.

விடியற்காலை வேலை, ஷிப்ட் மாற்றம், நீண்ட பயணம் என்று நம்மவர்களின் நாள் ஒழுங்காக இருப்பதில்லை. உங்களால் தவறாமல் கடைப்பிடிக்க முடிந்த நேரத்தை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கிளினிக் தேதி வருவதற்கு முன்பே மாத்திரை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிகிச்சை சரியாகப் போகவில்லை என்றதும் நோயாளியைக் குற்றவாளியாக்காதீர்கள். அவர் ஒழுங்காகச் சாப்பிட்டும் கிருமி அடங்காமல் இருக்கக் காரணம் உண்டு. அதற்குப் பரிசோதனையும் உண்டு, மாற்று மருந்தும் உண்டு. மாத்திரைப் புட்டியை அலமாரிக்குள் ஒளித்து வைக்க வேண்டிய வீட்டில்தான் வேளைகள் தவறுகின்றன. தவறிய வேளைகளில்தான் அந்தச் சிறுபான்மைக் கிருமிக்கு இடம் கிடைக்கிறது.

மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், பாலுறவின் வழி அது அடுத்தவருக்குத் தொற்றாது. மருத்துவ உலகம் உறுதி செய்த உண்மை இது. சந்தேகம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ளலாம். சிகிச்சையில் இருப்பவர்கள் அடுத்த முறை செல்லும்போது, "என் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை இப்போது எவ்வளவு?" என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.